கிளினிக் கொப்பியோடு விரதம் இருங்கள்

கோயிலுக்காக ஆறு நாள், நோன்புக்காக ஒரு மாதம், எடை குறையத் தினமும் பதினாறு மணித்தியாலம். வன்னியில் பசித்திருக்கக் காரணங்கள் பல. அந்தப் பசி இதயத்துக்குச் செய்யும் நன்மை எவ்வளவு? தீங்கு எங்கே தொடங்குகிறது?

ஐப்பசி மாதம், கந்தசஷ்டியின் ஆறாம் நாள், பின்னேரம் நாலு மணி. வன்னியில் சூரன்போர் நடக்கும் எந்தக் கோயில் வீதிக்குப் போனாலும் இந்தக் காட்சியைக் காணலாம். மத்தியான மழையில் மணல் நனைந்திருக்கிறது, புழுக்கம் மட்டும் குறையவில்லை. பறை முழங்க யானைமுகம் விழுகிறது, சிங்கமுகம் விழுகிறது. சூரன் மாமரமாகி நிற்கும்போது சனம் நெருக்கியடித்து முன்னுக்கு வருகிறது. கூட்டத்தின் ஓரத்தில் அறுபதை நெருங்கும் ஒரு தாய் மதிலைப் பிடித்தபடி மெல்லக் குந்துகிறார். நெற்றி முழுக்க வியர்வை. "ஆறு நாளும் இளநீரோட நிண்டவ, விரதக் களைதான்" என்று பக்கத்தில் நிற்பவர்கள் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள்.

அவருடைய கைப்பைக்குள் மட்டை கிழிந்த கிளினிக் கொப்பி இருக்கிறது. நீரிழிவு, பிறஷர், போன வருடம் இதயக் குழாயில் ஸ்ரென்ற் வைத்த விபரம் எல்லாம் அதில் உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்ன குளிசைகளை, சாப்பாடே இல்லை என்பதால் ஆறு நாளாக அவர் தொடவில்லை.

அந்த வியர்வை வெறும் களையாக இருக்கலாம். ஸ்ரென்ற் அடைபட்டு மாரடைப்பு தொடங்கும் அறிகுறியாகவும் இருக்கலாம். கோயில் வீதியில் நின்றுகொண்டு எவராலும் அதைப் பிரித்தறிய முடியாது.

விரதம் இதயத்துக்கு நல்லது என்கிறார்கள் சிலர், கூடாது என்கிறார்கள் சிலர். கடந்த சில ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பதில் ஆளுக்கு ஆள் மாறுவது தெரிகிறது. எடை கூடிய, குளிசை எதுவும் எடுக்காத முப்பத்தைந்து வயது மகனுக்கு ஒரு பதில். கிளினிக்குக்குப் போகும் அவருடைய தாய்க்கு வேறொரு பதில். வெயிலில் வயல் வேலை செய்யும் தகப்பனுக்கு இன்னொன்று. ஒரே வீட்டில் மூன்று பதில்கள் இருக்கும்போது, மூவரும் ஒரே காணொளியைப் பார்த்து ஒரே விரதத்தைப் பிடிப்பதுதான் ஆபத்து.

கைத்தொலைபேசியில் வந்த விரதம்

வெள்ளிக்கிழமை ஒருபொழுது, புரட்டாதிச் சனி, இருபத்தொரு நாள் கௌரிக் காப்பு, பெருங்கதை, சிவராத்திரி என்று வன்னிக்கு விரதம் புதிதல்ல. நாச்சிக்குடாவிலும் நீராவிப்பிட்டியிலும் சாளம்பைக்குளத்திலும் றமழான் நோன்பு, கத்தோலிக்கக் குடும்பங்களில் தவக்காலம். புதிதாக வந்திருப்பது கடவுளின் பெயர் இல்லாத விரதம். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்தால் அடுத்த நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிவரை ஒன்றும் இல்லை. பதினாறு மணித்தியாலம் பசி, எட்டு மணித்தியாலத்துக்குள் சாப்பாடு. இன்னொரு வகையில் கிழமைக்கு ஐந்து நாள் வழக்கமான உணவு, இரண்டு நாள் மிகக் குறைந்த உணவு. 2012இல் பிபிசி தொலைக்காட்சியில் மைக்கேல் மோஸ்லி இந்த இரண்டாவது வகையைப் பரப்பினார்.

உடலின் கலங்கள் தம் பழுதடைந்த பகுதிகளைத் தாமே உடைத்து மறுபடி பயன்படுத்தும் பொறிமுறையைக் கண்டறிந்த ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஒசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஆராய்ந்தது மதுவத்தில், அதாவது ஈஸ்ற்றில். பதினாறு மணித்தியாலம் பசித்திருந்தால் மனித இதயம் தன்னைத் தானே சுத்தம் செய்யும் என்று அந்தப் பரிசின் பெயரால் தமிழ்க் காணொளிகள் சொல்வதற்கு அவருடைய ஆய்வு ஆதாரம் ஆகாது. ஆனால் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவுகள் அனுப்பும் அந்தக் காணொளிகளுக்குக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பார்வையாளர்கள் உண்டு. அவர்களுக்கு மாரடைப்பைப் பற்றி இருக்கும் பயமும் நியாயமானது. 52 நாடுகளில் நடந்த இன்ரர்ஹார்ட் ஆய்வு, தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முந்தியே வருவதைக் காட்டியது. இலங்கையரும் அதில் சேர்ந்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 அறிக்கைப்படி இலங்கையில் நிகழும் மரணங்களில் 83 சதவீதத்துக்கு இதய நோய், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களே காரணம்.

பசிக்கும்போது உள்ளே நடப்பது

கடைசிச் சாப்பாடு செரித்த பின் இரத்தத்தில் இன்சுலின் குறையத் தொடங்குகிறது. ஈரல் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து முதலில் செலவாகிறது. பன்னிரண்டு மணித்தியாலமளவில் உடல் கொழுப்பை எரிக்கும் பக்கம் கூடுதலாகச் சாய்கிறது. இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியே விடுவதால் பிறஷர் இறங்குகிறது. எடை குறைந்தால் கெட்ட கொழுப்பும் ஓரளவு இறங்கும். இதயத்துக்குக் கிடைக்கும் நன்மை இந்த வழிகளில்தான் வருகிறது.

லண்டன் பள்ளிவாசல்களுக்கு வரும் 85 நோன்பாளிகளைப் பின்தொடர்ந்து 2021இல் வெளியான ஆய்வில், றமழான் முடிவில் பிறஷரின் மேலளவு சராசரியாக ஏழு புள்ளி இறங்கியிருந்தது. சுகதேகிகளுக்கு அது நல்ல செய்தி. பிறஷர் குளிசையும், நீரை வெளியேற்றும் குளிசையும் ஏற்கெனவே எடுப்பவருக்கோ அதே இறக்கம் தலைச்சுற்றாகவும் விழுகையாகவும் முடியலாம்.

ஆய்வுகள் எங்கே நிற்கின்றன

சாப்பிடும் நேரத்தைச் சுருக்கும் முறைக்கு மிகவும் சாதகமான முடிவு 2018இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சிறு ஆய்விலிருந்து வந்தது. நீரிழிவின் வாசலில் நின்ற எட்டு ஆண்கள் ஐந்து கிழமைக்கு ஆறு மணித்தியாலத்துக்குள் எல்லாச் சாப்பாட்டையும் முடித்தார்கள். எடை குறையாமலே அவர்களின் பிறஷர் இறங்கியது, இன்சுலின் நன்றாக வேலை செய்தது. இந்த முடிவை எடுத்துச் சொல்பவர்கள் பலரும் விட்டுவிடும் விபரம் ஒன்று உண்டு. அந்த ஆண்கள் காலையில் சாப்பிட்டார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு முன்பே இராச்சாப்பாடு முடிந்துவிட்டது. நம்மவர்கள் செய்வது இதற்கு நேரெதிர். காலையை விட்டுவிட்டு இரவில் வயிறாறச் சாப்பிடுகிறார்கள்.

அதற்குப் பின் வந்த பெரிய ஆய்வுகள் உற்சாகத்தைக் குறைத்தன. எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறோம் என்பதைவிட எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதே எடையைத் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கே அவை பெரும்பாலும் வந்தன.

2024 மார்ச்சில் ஒரு முடிவு உலகச் செய்தியானது. அமெரிக்க இதய சங்கத்தின் சிக்காகோ மாநாட்டில், ஏறத்தாழ 20,000 அமெரிக்கர்களின் உணவுத் தகவலை வைத்துச் சாங்காய் ஆய்வாளர்கள் பேசினார்கள். எட்டு மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடிப்பவர்கள் இதய நோயால் இறக்கும் அபாயம், பன்னிரண்டு முதல் பதினாறு மணித்தியாலத்துக்குள் சாப்பிடுபவர்களைவிட 91 சதவீதம் கூடுதல் என்றார்கள். முழுக் கட்டுரை 2025இல் வந்தது. இதை வைத்து யாரும் பயப்பட வேண்டியதில்லை, அலட்சியம் செய்யவும் கூடாது. அந்த மக்களிடம் இரண்டு நாள் உணவு மட்டுமே கேட்கப்பட்டது. குறுகிய நேரத்துக்குள் சாப்பிடுபவர்களில் நோயாளியாகிப் பசி அற்றவர்களும், வேலைப்பளுவால் சாப்பாட்டை விட்டவர்களும், வறியவர்களும் இருந்திருக்கலாம். விரதம் இதயத்தைக் கெடுத்தது என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் பதினாறு மணித்தியாலப் பசி நீண்ட காலத்தில் ஆயுளைக் கூட்டும் என்ற நம்பிக்கைக்கு அதில் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

[பெட்டி] ஒரே பார்வையில் ஆய்வுகள்

• 2013: 26,902 அமெரிக்க ஆண்களை 16 ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், காலைச் சாப்பாட்டை விடுபவர்களுக்கு இதயக் குழாய் நோய் அபாயம் 27 சதவீதம் கூடுதல். படுத்த பின் எழுந்து சாப்பிடுபவர்களுக்கு 55 சதவீதம் கூடுதல்.

• 2017: ஒருநாள் விட்டு ஒருநாள் விரதத்தை 100 பேரிடம் ஓராண்டு சோதித்ததில், தினமும் அளவாகச் சாப்பிட்டவர்களைவிட எடை கூடுதலாகக் குறையவில்லை.

• 2020: 116 பேரிடம் மூன்று மாதம் நடந்த பதினாறு மணித்தியால விரதச் சோதனையில் எடை இழப்பு மிகச் சிறிது. இழந்ததில் கணிசமான பங்கு தசை.

• 2022: சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் ஓராண்டு. உணவைக் குறைத்ததோடு நேரத்தையும் சுருக்கியவர்கள் 8 கிலோ இழந்தார்கள், உணவை மட்டும் குறைத்தவர்கள் 6.3 கிலோ. இந்த வித்தியாசம் புள்ளிவிபரப்படி பொருட்படுத்தத் தக்கதல்ல.

• 2023: ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிரெஞ்சு மக்களிடம், இரவு ஒன்பதுக்குப் பின் கடைசிச் சாப்பாடு சாப்பிடுபவர்களுக்கு மூளை இரத்தக்குழாய் நோய் அபாயம், எட்டுக்கு முன் முடிப்பவர்களைவிட 28 சதவீதம் கூடுதல்.

• 2025: 99 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், இடைவெளி விரதமும் தினசரி உணவுக் குறைப்பும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன.

குளிசை எடுப்பவரின் விரதம்

விரதத்தின் ஆபத்து பசியில் மட்டும் இல்லை. பசியும் மருந்தும் சந்திக்கும் இடத்தில் அது கூடுகிறது. தவறு இரண்டு விதமாக நடக்கிறது.

முதலாவது, சாப்பாட்டை விட்டுவிட்டுக் குளிசையைப் போடுவது. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற நீரிழிவுக் குளிசைகள் வயிற்றில் உணவு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் ஊசியும் அப்படித்தான். இரத்தத்தில் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது உடல் அதிரினலினைக் கொட்டுகிறது. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, வியர்க்கிறது. ஏற்கெனவே குழாய் ஒடுங்கிய இதயத்துக்கு இந்தப் படபடப்பே பெரிய சுமை. துடிப்பின் ஒழுங்கு குழம்பவும் இடமுண்டு. அற்றினலோல், பிசோபிரலோல் போன்ற இதயக் குளிசை எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை ஒன்றுதான் அப்போது மிஞ்சும் எச்சரிக்கை.

இது ஊகம் இல்லை. 13 நாடுகளில் 12,243 நீரிழிவு நோயாளிகளைச் சேர்த்து 2001 றமழானில் நடந்த எப்பிடியார் ஆய்வில், ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குச் சீனி இறங்கிய சம்பவங்கள், பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவில் 7.5 மடங்கு கூடின. முதலாம் வகையில் 4.7 மடங்கு. அதற்குப் பின் நோன்புக்கு முன்பே மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றும் வழிகாட்டல்கள் உருவாகின. நோன்புக்கு ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு முன் நோயாளி மருத்துவரைச் சந்திக்க வேண்டும் என்பது அவற்றின் முதல் விதி.

இரண்டாவது தவறு, சாப்பாட்டோடு சேர்த்துக் குளிசையையும் விடுவது. வெறும் வயிற்றில் குளிசை போடக்கூடாது என்ற பொதுவான எண்ணம் இதற்குக் காரணம். ஸ்ரென்ற் வைத்தவர் அஸ்பிரினையும் குளோப்பிடோகிரலையும் நிறுத்தினால் ஸ்ரென்ற்றுக்குள் இரத்தம் உறைந்து திடீர் மாரடைப்பு வரலாம். வைத்த முதல் வருடத்தில் இந்த ஆபத்து மிகக் கூடுதல். பிறஷர் குளிசையைத் திடீரென நிறுத்தினால் பிறஷர் எகிறிப் பக்கவாதம் வரலாம். அற்றினலோல் போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது நெஞ்சுவலியைத் தூண்டும். விரத நாளில் எந்தக் குளிசையைத் தண்ணீரோடு போடலாம், எதன் நேரத்தை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்பதை மருத்துவர் கிளினிக் கொப்பியைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அந்தக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். "விரதம் பிடிக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவார்" என்ற பயமும் உண்டு. கேட்காமல் பிடிக்கும் விரதத்தில் போகக்கூடியது உயிர்.

[பெட்டி] மருத்துவரைக் கேளாமல் தொடங்கக் கூடாதவர்கள்

• இன்சுலின் அல்லது நீரிழிவுக் குளிசை எடுப்பவர்கள்.

• மாரடைப்பு வந்தவர்கள், ஸ்ரென்ற் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள், இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்கள்.

• சிறுநீரக நோயாளர்கள், நீர் போகும் குளிசை எடுப்பவர்கள்.

• கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள்.

• ஏற்கெனவே மெலிந்தவர்கள், தனியே வாழும் முதியவர்கள்.

வெயில், வயல், சிறுநீரகம்

வன்னியின் விரதத்தை ரொறன்ரோவின் குளிரூட்டிய அலுவலகத்தில் இருப்பவரின் விரதத்தோடு ஒப்பிட முடியாது. இங்கே காலைச் சாப்பாட்டை விடுபவர் ஏழு மணிக்கு மண்வெட்டியோடு வரம்பில் நிற்கிறார். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு விரதத்தோடு நடந்து போகிறவர் உச்சி வெயிலில் தார் வீதியில் போகிறார். வியர்வையில் நீரும் உப்பும் போய் இரத்தம் தடிக்கிறது, இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மேல் இந்த மண்ணுக்கென்று ஒரு சுமை உண்டு. 1990களில் வட மத்திய மாகாணத்து விவசாயிகளிடம் கண்டறியப்பட்ட, காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இருக்கிறது. நோய் முற்றும்வரை வெளியே தெரியாது என்பதுதான் அதன் கொடுமை. சிறுநீரகம் பாதி வேலை செய்யும் ஒருவர் தண்ணீரும் இன்றி நாள் முழுக்க இருந்தால், மிஞ்சியிருக்கும் பகுதியும் அடிவாங்கும். சிறுநீரகம் கெட்டவருக்கு இதய நோய் வரும் அபாயமும் கூடும்.

விரதகாரர் நம்பிக் குடிக்கும் இளநீரும் எல்லோருக்கும் பொருந்தாது. இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. சுகதேகிக்கு அது நல்லது. சிறுநீரகம் பழுதானவருக்கும், லொசாட்டன், ஸ்பைரோனோலக்ரோன் போன்ற குளிசை எடுப்பவருக்கும் அந்தப் பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பு குழம்பி நின்றும் போகலாம். ஆறு நாளும் இளநீரும் வாழைப்பழமும் மட்டும் என்று இருப்பவர், அதற்கு முன் சிறுநீரகப் பரிசோதனை ஒன்று செய்துகொள்வது அவசியம்.

பசியை ஏற்கெனவே அறிந்த நிலம்

எடை குறைக்கும் விரதத்தைப் பற்றிப் பேசும் எவரும் வன்னியில் இன்னொரு பசியைக் கடந்து போக முடியாது. 2009இன் முதல் ஐந்து மாதங்களில் போரால் கடற்கரைக்கு நெருக்கப்பட்ட மக்களின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்ந்த கஞ்சி. ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சியாக அது நினைவுகூரப்படுகிறது. பின்னர் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டார்கள். அந்த மாதங்களில் வயிற்றில் இருந்த பிள்ளைகள் இன்று பதின்ம வயதினர்.

போர்ப் பசி அத்தோடு முடிந்துவிடுவதில்லை என்று வேறு தேசங்களின் அனுபவம் சொல்கிறது. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நிலவிய பஞ்சத்தின்போது கருவின் தொடக்க மாதங்களில் இருந்தவர்களிடம், ஐம்பது வயதளவில் இதயக் குழாய் நோய் கூடுதலாகக் காணப்பட்டது. 1967 முதல் 1970வரை நைஜீரியாவின் பியாஃப்ராப் போர்ப் பட்டினியில் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் இருந்தவர்களிடம், நாற்பது வயதில் பிறஷரும் சீனியும் கூடியிருந்ததை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. பசியில் உருவான உடல், பிற்பாடு தாராளமாக உணவு கிடைக்கும்போது அதைச் சமாளிக்கத் தடுமாறுகிறது. வன்னியின் அந்தப் பிள்ளைகள் விதியைச் சபிக்க வேண்டியதில்லை. ஆனால் மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிட முன்னதாகவே அவர்களின் பிறஷரையும் எடையையும் பார்க்கத் தொடங்க வேண்டும். பகலெல்லாம் பட்டினி, இரவில் பெருந்தீனி என்ற பழக்கம் அவர்களுக்கு வேண்டாம்.

விரும்பாமலே விரதம் இருக்கும் வீடுகளும் இங்கே உண்டு. 2019 வீட்டு வருமானக் கணக்கெடுப்பில் நாட்டிலேயே வறுமை மிகக் கூடிய மாவட்டம் முல்லைத்தீவு. அங்கே 44.5 சதவீதம், நாடு முழுவதற்கும் 14.3 சதவீதம். 2022 பொருளாதார நெருக்கடியில் நாட்டில் 63 லட்சம் பேருக்கு உணவு உத்தரவாதம் இல்லாமல் போனது. பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் தேத்தண்ணியோடு படுக்கும் தாய் செய்வதும் இடைவெளி விரதம் என்று எவரும் சொல்லக் கூடாது. அவருடைய இதயத்துக்குத் தேவை ஒரு முட்டை, ஒரு பிடி பயறு, ஒரு துண்டு மீன்.

இராச்சாப்பாட்டை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்

அப்படியானால் யாருக்கு விரதம் உதவும்? வயிறு பெருத்த, குளிசை எதுவும் எடுக்காத, மூன்று நேரமும் உணவு கிடைக்கும் ஒருவருக்கு அது நல்ல வழிகளில் ஒன்று. தென்னாசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து. தாண்டியவர்கள் பதினாறு மணித்தியாலத்தில் தொடங்கத் தேவையில்லை. பன்னிரண்டே போதும்.

வன்னிக்குப் பொருந்தும் ஒழுங்கு இதுதான்: இரவு ஏழு மணிக்குள் சாப்பாட்டை முடிப்பது, காலை ஏழு மணிக்குப் பின் அடுத்த சாப்பாடு. கடையைப் பூட்டிவிட்டோ நாடகம் முடிந்த பின்னோ ஒன்பதரைக்குக் கோப்பை நிறையச் சோறும் பிட்டும் சாப்பிட்டு உடனே படுப்பதுதான் முதலில் கைவிட வேண்டிய பழக்கம். காலையில் குரக்கன் பிட்டு, அவித்த பயறு, முருங்கையிலை போட்ட சிவப்பரிசிக் கஞ்சி என்று வயிறாறச் சாப்பிடலாம். மத்தியானம் சோற்றைக் குறைத்துக் கறியையும் கீரையையும் மீனையும் கூட்டலாம். தசை கரையாமல் இருக்கப் புரதமும் உடல் உழைப்பும் வேண்டும்.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பசியை அடக்கச் சீனி போட்ட தேத்தண்ணி குடித்தால் விரதம் எதற்கு? கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் சீனி மட்டும் அறுபது கிராமைத் தாண்டும். வளர்ந்தவர் ஒருவருக்கு ஐம்பது கிராமே உச்ச அளவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெறுந்தேத்தண்ணி குடிக்கலாம், தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்.

விரதம் முடிக்கும் விதமும் இதயத்தைப் பாதிக்கும். நாள்கணக்கில் உண்ணாதிருந்த உடலுக்குள் ஒரேயடியாகச் சோறும் இனிப்பும் இறங்கினால் இன்சுலின் திடீரென உயரும். இரத்தத்தில் உள்ள பொஸ்பரசும் பொட்டாசியமும் கலங்களுக்குள் பாயும், இதயத் துடிப்பு தடுமாறக்கூடும். மெலிந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூட. பாறணை நாளில் முதலில் கஞ்சி, பின் சிறு அளவில் சோறும் கீரையும், வடையும் பாயாசமும் மறுநாள் என்று பிரித்துக்கொள்வது புத்தி. நோன்பு திறக்கும்போதும் பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி என்று தொடங்கிப் பொரித்தவற்றைக் குறைத்துக்கொள்வது நல்லது.

[பெட்டி] உடனே 1990

• நெஞ்சு நோ, நெஞ்சு இறுக்கம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மூச்சு முட்டல், காரணமில்லாத வியர்வை. இவற்றில் ஒன்று வந்தால் விரதக் களை, வாய்வு என்று காத்திருக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும்.

• இலவச அம்புலன்ஸ் சேவை 1990 வடக்குக்கு 2018இல் விரிவுபடுத்தப்பட்டது. மோட்டார் சைக்கிளில் ஏற்ற வேண்டாம், நடக்க விட வேண்டாம்.

• இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் மணித்தியாலங்களில்தான் நன்றாக வேலை செய்யும். 12 மணித்தியாலம் கடந்தால் பலன் மிகக் குறைவு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் எது கிட்டவோ அங்கே முதலில் போங்கள்.

• நீரிழிவு உள்ளவர் நடுங்கி வியர்த்தால், நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம்.

சமயம் தடுக்கவில்லை

குளிசைக்காக விரதத்தைத் தளர்த்தினால் தெய்வக் குற்றம் என்று அஞ்சுபவர்கள் ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையைப் புரட்டலாம். உணவை முற்றாக விடுவதும் சுருக்கிக்கொள்வதும் இரண்டுமே விரதம் என்றுதான் அவர் வகுத்தார். கந்தசஷ்டியின் ஆறு நாளும் உபவாசம் இருக்க இயலாதவர் முதல் ஐந்து நாளும் ஒருபொழுது உண்டு ஆறாம் நாள் மட்டும் உபவாசம் இருக்கலாம் என்று வழியும் விட்டார். இஸ்லாம் நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்களிக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் ஒருசந்திக் கடமை ஐம்பத்தொன்பது வயது நிறைந்ததும் முடிந்துவிடுகிறது, நோயாளருக்கு அது பொருந்தாது. இயலாதவரை வருத்தும்படி எந்த நெறியும் கேட்கவில்லை. மற்றவர் என்ன நினைப்பார் என்ற அச்சம்தான் வருத்துகிறது.

அந்த அச்சத்தைப் போக்குவது தனி மனிதருக்குக் கடினம், ஊருக்கு எளிது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் புரட்டாதி மாதத்திலேயே, கந்தசஷ்டிக்கு முன், விரதம் பிடிக்க விரும்பும் நோயாளருக்கென்று ஒரு கிளினிக் நாளை ஒதுக்கலாம். றமழானுக்கு முன்பும் அப்படியே. பொதுச் சுகாதார பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் வீடு வீடாகச் செல்லும்போது, "இந்த முறை விரதமோ அம்மா, குளிசைக்கு என்ன செய்யப் போறீங்கள்?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். முப்பத்தைந்து வயது தாண்டியவர்கள் அரசாங்கம் நடத்தும் ஆரோக்கிய வாழ்வு நிலையத்துக்கு ஒருமுறை போய் பிறஷர், சீனி, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொண்டால், தாம் எந்தப் பதிலுக்கு உரியவர் என்று தெரிந்துவிடும். அந்தப் பரிசோதனைக்குப் பணம் வாங்குவதில்லை.

கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் செய்ய வேண்டியது அதைவிடச் சிறியது. திருவிழா நோட்டீஸில் உபயகாரர் பெயர்களுக்குக் கீழே, நோன்பு அறிவித்தலின் கடைசியில், ஒரு வரி அச்சிடுங்கள்: மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்ட பின் விரதம் பிடிக்கவும், குளிசைக்காக உணவு உண்பதில் குற்றம் இல்லை. குருக்களோ மௌலவியோ பங்குத்தந்தையோ அதை ஒலிபெருக்கியில் ஒருமுறை வாசித்துவிட்டால், எந்த மருத்துவரின் அறிவுரையும் எட்டாத வீடுகளுக்கும் அது போய்ச் சேரும்.